ஊவா மலைநாடும் நிழற்படப் பெட்டியும்

கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம் வரும் பதுளைப் புகைவண்டி, எல்ல நிலையத்தைக் கடந்து தெமோதரையை அடையுமுன், ஒன்பது வளைவுகளையுடைய கற்பாலம் ஒன்றின்மீது மெல்ல ஊர்ந்து செல்கின்றது. 1921ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பெற்ற பாலம் அது. அதனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் ஐரோப்பியப் பயணிகள் கமராவும் கையுமாக வண்டியின் வரவை எதிர்பார்த்து நிற்பது இன்று நாள்தோறும் காணத்தக்க காட்சியாகும். பெரும்பாலோர் கையில் இருப்பது தொலைபேசியே. எனினும், பாட்டனாரோ பெரியதந்தையோ விட்டுச்சென்ற பழைய படச்சுருட் கமராவைத் தோலுறையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவோரும் அக்கூட்டத்தில் உளர். படச்சுருள் வழக்கொழிந்துவிட்டது என்று எண்ணப்பட்ட காலமும் கழிந்து, அதனை மீண்டும் நாடுவோர் தொகை மேலைநாடுகளில் வளர்ந்து வருகின்றது.

அத்தகைய கமரா இம்மலைக்குப் புதிய விருந்தன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பாவுக்கும் ஊவாவுக்கும் இடையே நிழற்படப் பெட்டி போவதும் வருவதுமாக இருந்துள்ளது. தமிழிலே 'படம் எடுத்தல்' என்கின்றோம். எடுத்தல் என்பதற்குத் தன்னோடு கொண்டுபோதல் என்னும் பொருளும் உண்டன்றோ? ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை அச்சொல் இரு பொருளிலும் மெய்யாயிற்று. எடுத்தவர் எடுத்துச் சென்றனர். எடுக்கப்பட்டவர் தம் உருவத்தைத் தாமே கண்டதில்லை. இவ்வரலாற்றில் ஆராயவேண்டியது கமராவின் வளர்ச்சி மட்டுமன்று. யாருடைய படம் யாரிடம் சென்று தங்கியது என்பதுமாகும்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டிலே பாரிசிலும் இலண்டனிலும் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குள், 1852இல், பிரெடரிக் பீபிக் என்பார் இலங்கையின் காட்சிகளைப் படமாக்கி அவற்றுக்குக் கையால் வண்ணமும் தீட்டினார். அவர் எடுத்த படங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியால் வாங்கப்பெற்று இன்று இலண்டனில் உள்ளன. ஏனைய பல படங்களுக்கு நேரவிருந்த கதிக்கு இது முன்னோடி.

அக்காலத்துப் படப்பிடிப்பு எளிய தொழிலன்று. 1851இல் கண்டுபிடிக்கப்பட்ட ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டொன்றிலே கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காயுமுன் கமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்கூடாரத்துக்குள் கொண்டு சென்று துலக்கிவிட வேண்டும். அனைத்தும் கால் மணி நேரத்துக்குள் முடியவேண்டும். வெப்பநாட்டில் அதுவும் கிடைப்பதரிது. ஆகவே, கமராவோடு கூடாரம், இரசாயனப் போத்தல்கள், கண்ணாடித் தட்டுகள், தண்ணீர்க் கலங்கள் யாவும் மலைமேல் ஏறியாக வேண்டும். அவற்றைச் சுமந்து ஏறியவர் படம் எடுத்தவரல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படத்திலே மலையும் அருவியும் இருக்கின்றன. மலைமேல் அதனைச் சாத்தியமாக்கிய தோள்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

1860ஆம், 1870ஆம் ஆண்டுகளில் இலங்கையில் தொழில் நடத்திய படப்பிடிப்பாளர் சிலர் பெயர்பெற்று விளங்கினர். கொழும்பில் ஸ்கீன் கம்பெனியாரும், கண்டியில் ஜோசப் லோட்டன், பின்னர் சார்ள்ஸ் ஸ்கோவன் ஆகியோரும் அவருள் முதன்மையானோர். லோட்டன் 1870-71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களில் எடுத்த படங்கள் தொல்பொருளாய்வாளர்க்கு இன்றும் பயன்படுவன. மலைநாட்டிலோ அன்று கோப்பிக் காலம். 1869இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் முதன்முதலில் காணப்பட்ட இடம் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமை. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் பெரும்பாலும் அழிந்து, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. எனவே, அக்காலப் படங்களில் மலைச்சரிவெங்கும் தெரியும் கோப்பிச் செடிகளை இன்று எவரும் நேரிற் காணவியலாது. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்து, அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பிய அத்தொழிலாளர் எத்தகைய உடை உடுத்தினர், எவ்வாறு கூடை சுமந்தனர் என்பவற்றை அறியவும் அப்படங்களே வழி. இப்பயனைக் குறைத்து மதித்தல் கூடாது.

ஆயினும் அவற்றைக் கருத்தோடு நோக்கினால் வேறொன்றும் புலப்படும். எவரும் வேலை செய்யவில்லை. படம் பதியச் சில விநாடிகள் தேவைப்பட்டமையால், அசைந்தவர் உருவம் கலங்கிப்போகும். ஆகவே, தொழிலாளர் செடியின்மீது கையை வைத்தபடி சிலைபோல் நிற்குமாறு பணிக்கப்பட்டனர். நாள் முழுதும் ஓயாது இயங்கிய கைகள், படத்தில் மட்டும் ஓய்ந்து நிற்கின்றன.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. ஜூலியா மார்கரெட் கமரன் கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில், 1863இல், அவருக்கு மகள் ஒரு கமராவைப் பரிசாக அளித்தாள். கமரா பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதே வழக்கம். இங்கோ பிள்ளையிடமிருந்து தாய்க்குச் சென்றது. டெனிசன், டார்வின், ஹேர்ஷெல் முதலிய பேரறிஞரின் முகங்களை அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன. கணவருக்கு மலைநாட்டிலே தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் அவர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879 சனவரியில் டிக்கோயாவை அடுத்த தோட்டமொன்றில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றிலும் முகங்கள் அழகும் கம்பீரமும் பொருந்தியவையே. இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழே தம் கையாலேயே பெயர் எழுதும் வழக்கமுடைய அம்மையார், இங்கு எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னார் என்று எழுதவில்லை. அன்பில்லாமையால் நேர்ந்ததன்று. பெயர் கேட்கவேண்டும் என்னும் எண்ணமே அக்காலத்தில் எழவில்லை.

புகைவண்டிப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு அது வந்துசேர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே அங்கு வண்டி வந்தது. இதே காலப்பகுதியில் நிழற்படத் தொழிலும் மாறிற்று. தட்டுகள் முன்கூட்டியே செய்யப்பட்டு உலர்ந்த நிலையிற் பெட்டியில் வந்தன. கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. மலைக்குப் போவதும் எளிது, படமெடுப்பதும் எளிது என்றானபின், ஊவாவின் படங்கள் பெருகியதில் வியப்பில்லை. 1890இல் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பிளாட்டே கம்பெனியார் தேயிலைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டுக் கப்பற் பயணிகளுக்கு விற்றனர். ஹென்றி கேவ் என்னும் கொழும்புப் புத்தக வணிகர், தேயிலைத் தொழிலைப் பற்றித் தாம் எழுதி 1900இல் வெளியிட்ட நூலுக்குத் தாமே படங்களும் எடுத்தார். கொழுந்து பறித்தல், நிறுத்தல், வாட்டுதல், அரைத்தல் என்று ஒவ்வொரு படியும் அதில் ஒழுங்காகக் காட்டப்பட்டுள்ளது. தொழிலை அறிய விரும்புவோர்க்கு நல்ல நூல். தொழிலாளரை அறிய விரும்புவோர் வேறிடம் தேடவேண்டும்.

1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்னை முதலிய தோட்டங்களை விலைக்கு வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்னும் பொருள்பட அவர் செய்த விளம்பரம் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அவ்விளம்பரங்களிலும் தேயிலைப் பொதிகளிலும் கூடையைத் தலையிற் கட்டிய தமிழ்ப் பெண்ணின் உருவம் இடம்பெற்றது. இலண்டனிலும் கிளாஸ்கோவிலும் காலைத் தேநீர் அருந்திய எத்தனையோ இலட்சம் குடும்பங்கள் அவளை நாள்தோறும் கண்டன. அவள் பெயர் இன்னதென்று அவர்களுள் ஒருவரும் அறியார். அஞ்சலட்டையின் கீழேயும் 'தமிழ்க் கூலிப் பெண்', 'கொழுந்து பறிப்போர்' என்பவை போன்ற வாசகங்களே அச்சாயின. மனிதர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தொழிலின் பெயர் நின்றது.

கருவியின் இயல்பும் இதற்கு ஓரளவு துணைபோயிற்று. அக்காலத் தட்டுகள் நீலநிற ஒளியையே மிகுதியாக உணர்வன. சிவப்பை அறவே உணரா. ஆதலால் ஊவா வானத்தின் நீலம் வெறும் வெள்ளையாகவும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிவப்புச் சேலை கரியதாகவும் பதிந்தன. கரிய, மாநிறத் தோலிற் கலந்திருக்கும் செம்மையும் அவ்வாறே இருண்டது. பின்னர் வந்த தட்டுகளும் சுருள்களும் இக்குறையைப் படிப்படியாக நீக்கின. ஆனால் வெள்ளை உடையணிந்த துரைக்கும் சுண்ணாம்பு பூசிய பங்களாச் சுவருக்கும் பொருந்துமாறு ஒளியை அளவிட்டால், அப்படத்தில் நிற்கும் தொழிலாளரின் முகம் கரும்புள்ளியாகவே முடியும். கண்ணின் வெண்மை மட்டும் தெரியும். முகத்துக்காக ஒளியை அளந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். பங்களாச் சுவர் சற்று வெளுத்திருக்கும். அந்த நட்டத்தை ஏற்க அன்று எவரும் முன்வரவில்லை.

1888இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்கு விட்ட கொடக் கமராவும், 1900இல் வந்த பிரவுணி என்னும் சிறு பெட்டியும் படப்பிடிப்பைத் தொழில் வல்லாரிடமிருந்து விடுவித்தன. பிரவுணியின் விலை இங்கிலாந்தில் 5 சிலிங். அக்காலச் செலாவணியில் மூன்றே முக்கால் ரூபா. துரைமார் பங்களாக்களில் கமரா தளபாடங்களுள் ஒன்றாயிற்று. அடுத்துவந்த ஆண்டுகளில் துருத்தி போன்ற மடிப்புத் தோலையுடைய மடக்குக் கமராக்கள் வந்தன. 1925இல் ஜேர்மனியின் லைக்காவும், 1929இல் றோலிபிளெக்சும் வந்தன. மாறாக, தொழிலாளர் நிலையை எண்ணிப் பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணின் நாட்கூலி 54 சதம், பெண்ணின் நாட்கூலி 43 சதம் என்று வகுக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் விற்ற அம்மலிவான பிரவுணியின் விலைக்கே ஒரு பெண் ஏறத்தாழ ஒன்பது நாள் உழைக்கவேண்டும். படச்சுருள் விலையும் கழுவும் கூலியும் வேறு. லயத்தில் ஏன் கமரா இல்லை என்ற வினாவுக்கு வேறு விடை தேவையில்லை.

துரைமாரின் குடும்ப ஏடுகளில் ஒட்டப்பட்ட படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பங்களா, குதிரை, நாய்கள், டென்னிஸ் ஆட்டம், ஏணிப்படிபோல் இறங்கும் தேயிலை, பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும் தொழிலாளர். நாய்களுக்குப் பெயர் எழுதப்பட்டிருக்கும். சில ஏடுகளில் தலைமைக் கங்காணிக்கும் சமையற்காரருக்கும் பெயருண்டு. அதற்குமேல் இறங்குவதில்லை.

தொழிலாளரை அடையாளங் காணும் தேவை நிருவாகத்துக்கு இல்லாமலில்லை, மிகுதியாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து வருவோர்க்கு எழுத்தும் எண்களும் பொறித்த தகரத் துண்டொன்று கொடுக்கப்பட்டது. எத்தோட்டத்துக்குச் செல்பவர், அவருடைய எண் என்ன என்பதை அத்துண்டு கூறும். தகரம் எண்ணைச் சொன்னது. அஞ்சலட்டை உருவத்தைக் காட்டியது. இரண்டும் சேர்ந்தும் ஒரு மனிதர் இன்னார் என்று உலகம் அறியவில்லை.

1934இல் தேயிலைப் பிரசார சபையின் பொருளுதவியோடு பசில் ரைட் என்பார் இலங்கையைப் பற்றி எடுத்த திரைப்படம் இம்முறையிலிருந்து சிறிது விலகியது. அதற்குக் குரல் கொடுத்தவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட். ஐரோப்பியக் கமராவை இந்நாட்டார் ஒருவர் தம் கண்ணுக்குக் கருவியாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு வெண்ட் சிறந்த சான்று. அவர் 1944இல் மறைந்ததும் அவருடைய மூலப் பிரதிகள் அழிக்கப்பட்டன என்பது பெருந்துயரம். ஆனால் அவரும் கொழும்பு நகரத்தவரே. லயத்தில் பிறந்தவர் கையில் கமரா வர இன்னும் நெடுங்காலம் இருந்தது.

இதற்குள் உருவமும் பெயரும் சேர்ந்த ஆவணம் ஒன்று உயிர்நாடியாகும் காலம் வந்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை கோரியோர், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னரே, மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. விண்ணப்பிக்கும் கால எல்லை 1951 ஆகத்து 5ஆந் தேதியோடு முடிந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. 1964 வரையில் அவருள் சுமார் 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர்.

பிறப்புப் பதிவு இல்லாதவர், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர், பெயர் ஒன்று பதிவில் வேறொன்று என்றிருந்தவர் ஆகியோரின் இடர்ப்பாட்டை நேயர்கள் ஊகிக்கலாம். பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தாய், கைக்குழந்தையோடு பிரட்டுக் களத்தில் நிற்கும் படம் ஒன்று 1935இல் எடுக்கப்பட்டிருக்கலாம். பெயரும் தேதியும் எழுதப்பட்டு, அதில் ஒரு பிரதி அவள் கையில் இருந்திருக்குமாயின், அவள் அவ்வாண்டு அவ்விடத்தில் இருந்தாள் என்பதற்கு அது துணைச் சான்றாகவேனும் நின்றிருக்கும். படங்கள் எடுக்கப்பட்டமையில் ஐயமில்லை. அவை பங்களா அலுமாரியில் இருந்தன, அன்றேல் ஸ்கொத்லாந்துக்குப் போய்விட்டன. வாழ்ந்ததை நிறுவ வேண்டியவரிடம் ஒன்றுமில்லை. வாழ்ந்ததற்குச் சான்றை வைத்திருந்தவருக்கு அது வெறும் நினைவுப் பொருள்.

1964 ஒற்றோபர் 30ஆந் தேதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் அது கூறிற்று. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. இந்தியா செல்வோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு நிழற்படம் வேண்டும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைக் கடைவீதிகளிலிருந்த படப்பிடிப்பு நிலையங்களின் வாசலுக்குத் தோட்டத்து மக்கள் வந்தமை இவ்வாறுதான். திருமணத்துக்கும் பூப்பு நீராட்டு விழாவுக்கும் படம் எடுத்த குடும்பங்கள் முன்னரும் சில இருந்தன. ஆனால் குடும்பம் குடும்பமாக, கிழவரும் குழந்தையுமாக, கமராவுக்குமுன் அமர்ந்தது பெரும்பாலும் அப்பொழுதே.

அப்படங்களின் அமைப்பு எளியது. பின்னே வெறுந்திரை, முன்னே ஒரு வாங்கு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த படப்பிடிப்பாளர், தலையை நிமிர்த்துங்கள், மூச்சை அடக்குங்கள் என்பார். தாத்தாவின் சட்டையில் பொத்தான் எல்லாம் பூட்டியிருக்கும். ஆத்தாள் காதிலிருந்த தங்கம், பயணச் செலவுக்காக அடகுக்குப் போயிருந்தால், துளை மட்டும் தெரியும். அழகு கருதி எடுத்த படமன்று அது. ஆயினும் பிளாட்டேயின் அஞ்சலட்டையிலும் லிப்டன் விளம்பரத்திலும் இல்லாத ஒன்று அதில் உண்டு. அமர்ந்தவரே பணம் கொடுத்தார். பெயர் இன்னது, தகப்பன் பெயர் இன்னது என்று அவரே சொன்னார். படம் அவர் கைக்கே வந்தது. பிரிவதற்காக எடுக்கப்பட்ட படமே அவர்களுக்கு உரித்தான முதற் படமாக அமைந்ததை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது. ஒப்பந்தம் குடும்பங்களையும் பிரித்தது. அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை என்றானபோது, ஒரே வாங்கில் அமர்ந்து எடுத்த படத்தில் இரண்டு பிரதிகள் போடச்சொல்லி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வதே செய்யக்கூடியதாயிற்று.

பிரிந்தோரை ஏற்றி மலையிறங்கிய வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சென்று இறங்கியோர் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும், நீலகிரித் தேயிலை நிலங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1984இல் போரின் காரணமாகக் கப்பற் போக்குவரத்து நின்றது. இங்கே எஞ்சிய நாடற்றவரின் நெடுங்காலச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டை கூட, தக்க ஆவணமின்மையால் தோட்டத்து மக்கள் பலருக்கு மிகத் தாமதமாகவே கிட்டியது.

தொழிலாளர் இராமேசுவரம் நோக்கிச் சென்ற அதே ஆண்டுகளில் துரைமாரும் தம் நாடு திரும்பினர். 1975இல் அந்நியக் கம்பெனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டதும் எஞ்சியிருந்தோரும் புறப்பட்டனர். அவர்களோடு கமராவும் சென்றது; ஏடுகளும் சென்றன. அவ்வேடுகளிற் சில கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழக நூலகம் போன்ற இடங்களில் பாதுகாப்பாக உள்ளன. பல, குடும்பங்களின் மேல்மாடிப் பெட்டிகளில் கிடந்து பேரப்பிள்ளைகளை அடைந்துள்ளன.

பழைய கமராவைப் பெற்ற பேரன் அதனை மீண்டும் இயக்குவது கடினமன்று. மூடியின் உள்ளே இறுகிய எண்ணெயைத் துடைத்தாற் போதும். மடிப்புத் தோலில் ஊசித்துளை உண்டா என்பதை இருட்டறையில் விளக்கொன்றை உள்ளே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1901இல் அறிமுகமான 120ஆம் இலக்கப் படச்சுருள் இன்றும் உற்பத்தியாகின்றது. ஆதலால் அவ்வளவுக்கென அமைந்த கமராக்கள் நூறாண்டு கடந்தும் படம் பதிக்கின்றன. ஊவாவில் பல ஆண்டு மழைக்கும் மூடுபனிக்கும் இருந்த கமராவாயின் கண்ணாடி வில்லையில் பூஞ்சணம் படர்ந்திருக்கக்கூடும். அது சிலந்தி வலைபோல் கிளைத்து, கண்ணாடியையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. அத்தகைய வில்லையால் எடுத்த படம் சிறிது மங்கலாக, ஒளி பரவியதாகத் தோன்றும். அம்மங்கலே அழகு என்று இன்று விரும்புவோர் பலர். ஐரோப்பிய நகரங்களின் மாடகூடங்களும் ஆற்றுப் பாலங்களும் மலைநாட்டு ஈரத்தின் தடத்தோடு பதிவாவது விந்தையே. ஆனியிலிருந்து ஆவணி வரை ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்றிலே, தேயிலைக்கு மணம் ஏறும் அப்பருவத்தில், வானம் தெளிந்திருக்கும். பழைய கமராவுக்கு அதைவிட ஏற்ற ஒளி வேறில்லை.

தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பெற்ற சொத்தோ தகரப் பெட்டிக்குள் அடங்குவது. பிறப்புச் சான்றிதழ், பாட்டனின் கடவுச்சீட்டுப் படம், இந்தியாவுக்குப் போனவரின் கடிதங்கள். 2014 ஒற்றோபர் 29ஆந் தேதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தின்மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பல உயிர்கள் மாண்டன. உயிரிழப்பின்முன் பிற இழப்புகள் அற்பமே. எனினும், புதைந்த லயங்களிலும் அத்தகைய பெட்டிகள் இருந்தன. அத்தோட்டத்து முன்னோரின் முகங்கள் இனி எங்கேனும் கிடைக்குமாயின், அவை கடல் கடந்த ஏடொன்றிலேயே கிடைக்கும். அங்கே அவர்கள் பெயரின்றி வரிசையில் நிற்கின்றனர்.

பெயர்கள் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். தோட்டக் காரியாலயத்தில் கணக்கப்பிள்ளை நாள்தோறும் எழுதிய செக்ரோல் ஏட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும், அவர் வேலைக்கு வந்த நாளும் உண்டு. கூலி கொடுக்கவேண்டியிருந்தமையால் அக்கணக்கு பிசகாமல் எழுதப்பட்டது. கம்பளைக்கு அண்மையில், பழைய லயம் ஒன்றிலேயே 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், இத்தகைய பழைய ஆவணங்களையும் வீட்டுப் பொருள்களையும் கருவிகளையும் சேகரித்து வருகின்றது. ஐரோப்பிய நூலகங்கள் சிலவும் தம்மிடமுள்ள இலங்கை ஏடுகளின் படங்களைக் கணினி வழியே எவரும் காணுமாறு செய்துள்ளன. ஓர் ஏட்டில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் குறிக்கப்பட்டிருந்து, அதே தோட்டத்தின் அதே ஆண்டுச் செக்ரோலும் கறையானுக்குத் தப்பியிருக்குமாயின், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரட்டுக் களத்தில் இடப்புறத்திலிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண் யாரென்று அத்தோட்டத்திலேயே பிறந்து முதிர்ந்த ஒருவர் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்லத்தக்கோர் எண்பது வயதைக் கடந்தவர்கள்.